899 ரூபாய் கார்டு கிட்: பலகைக்கு மட்டும் என் ஓட்டு

கிருஷ்ணகிரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் டிடிபி போடுவது என் வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் பொழுதுபோக்கும் காகிதம்தான், கையால் வாழ்த்து அட்டை செய்வது. பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகள் எனக்குக் கூட்டாளி. அவளுடைய பிறந்தநாளுக்குப் பெங்களூரில் இருக்கும் தாய்மாமா ஆன்லைனில் ஒரு கார்டு மேக்கிங் கிட் வாங்கி அனுப்பினார். விலை 899 ரூபாய். பெட்டி காலியாகும்வரை இரண்டு பேரும் அதில் செய்து பார்த்துவிட்டோம். வாங்கலாமா என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: கிட்டாக வாங்க வேண்டாம். அதில் இருக்கும் ஸ்கோரிங் போர்டு, அதாவது மடிப்புக் கோடு போடும் பலகை மட்டும் தனியாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மற்றதெல்லாம் நம் ஊர்க் கடைகளிலேயே இதைவிட நல்லதாகக் கிடைக்கிறது, செலவும் குறைவு.

கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, இதே சாமான்கள் மூடியில் வேறு வேறு பெயரோடு விற்பனைக்கு வருகின்றன. உள்ளே இருப்பவை: மடிப்புத் தடம் போட்ட 20 வெற்று அட்டைகள், 20 கவர்கள், சுருட்டி ஒட்டி உருவம் செய்யும் 3 மில்லிமீட்டர் குவில்லிங் தாள்கள், அவற்றைச் சுற்ற ஒரு ஊசி, பூவும் வண்ணத்துப்பூச்சியும் வெட்டும் இரண்டு பஞ்ச், ஃபோம் டேப், டபுள் சைடு டேப், ஒட்டி எடுக்கும் ரப்பர் முத்திரைகள், இரண்டு இங்க் பேட், ஒரு சின்ன டப்பா எம்போசிங் பவுடர், அப்புறம் அந்தப் பலகை. பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

முதலில் அட்டை. கார்டு செய்வதில் பாதி வேலையை அட்டைதான் செய்யும், அது சரியில்லை என்றால் மேலே எவ்வளவு ஒட்டினாலும் தொய்ந்துவிடும். மூடியில் 250 ஜிஎஸ்எம் என்று அச்சடித்திருக்கிறார்கள். கையில் எடுத்ததுமே எனக்குச் சந்தேகம், தினமும் தொடுகிற பொருள் இல்லையா. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். இந்த அட்டைகள் விரித்தால் ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர். அந்த அளவில் 250 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று ஏறக்குறைய 7.8 கிராம் இருக்க வேண்டும், 10 அட்டை என்றால் 78 கிராம். அச்சகத் தராசில் 10 அட்டையை வைத்தேன். 56 காட்டியது. கணக்குப் போட்டால் 180 ஜிஎஸ்எம். “அத்தை, மூடியில பெருசாப் போட்டிருக்கானே” என்றாள் இவள். மூடியில் என்ன வேண்டுமானாலும் போடலாம், தராசு என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. நகைக் கடையிலோ மளிகைக் கடையிலோ டிஜிட்டல் தராசு இருந்தால் நீங்களும் இப்படிச் சரிபார்க்கலாம்.

எடை குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மடிப்பு. காகிதத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு, அச்சகத்தில் கிரெய்ன் என்போம். ஆலையில் கூழ் ஓடும் பக்கமே நார்களும் படுத்துக்கொள்ளும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, மேல் பரப்பு வெடித்துப் பிசிறு தட்டும். கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு துண்டை எடுத்து ஒரு பக்கம் மட்டும் ஈரக்கையால் தடவுங்கள். நார் நனைந்தால் நீளத்தில் அதிகம் நீளாது, அகலத்தில்தான் உப்பும். அதனால் துண்டு ஒரு பக்கமாகச் சுருண்டு குழாயாகும். குழாய் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அதுதான் நாரின் திசை. இந்தக் கிட்டின் அட்டைகளில் மடிப்புத் தடம் நாருக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. வெள்ளை அட்டையில் அது பெரிதாகத் தெரியவில்லை. சிவப்பிலும் நீலத்திலும் மடிப்பு நெடுக வெள்ளைக் கோடு. ஏனென்றால் நிறம் மேலே மட்டும்தான், உள்ளே வெள்ளை. நிறத்தைக் கூழிலேயே கலந்த அட்டையாக இருந்தால் வெடித்தாலும் உள்ளே அதே நிறம் தெரியும். தாளின் ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தால் எது என்ன வகை என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

சரி, அந்தப் பலகை. நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பலகை. மேலே அரை சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம் நெட்டுக்கு ஓடுகிறது, இடது ஓரத்திலும் மேல் ஓரத்திலும் அட்டையை முட்டவைக்க விளிம்பு. கூடவே மழுங்கிய முனையுள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டை. அட்டையை மூலையில் முட்டவைத்து, வேண்டிய எண்ணுக்கு நேரே உள்ள பள்ளத்தில் பட்டையை மேலிருந்து கீழே இழுத்தால் போதும். அட்டை வெட்டுப்படாது, அந்தக் கோட்டில் மட்டும் உள்வாங்கும். அச்சகத்தில் கிரீசிங் மெஷின் செய்வதும் இதையேதான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கோடு பள்ளமாக விழுந்த பக்கம் கார்டின் வெளிப்பக்கம். பின்பக்கம் மேடு தட்டியிருக்கும், அந்த மேடு உள்ளே போகிற மாதிரி மடிக்க வேண்டும். எல்லாரும் தலைகீழாகத்தான் மடிக்கிறார்கள், பத்திரிகை வாங்க வருகிறவர்களிடம் தினமும் பார்க்கிறேன். பலகை வருவதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவையும் ஸ்கேலையும் வைத்துத்தான் நான் கோடு போடுவேன். அதுவும் நல்ல முறைதான். ஆனால் 30, 40 கார்டு ஒரே அளவில் வேண்டும் என்றால் பலகைக்கு ஈடில்லை. முத்திரைக்கும் வெட்டும் பஞ்ச் இரண்டுக்கும் போட்ட செலவை நிறுத்திவிட்டு இந்தப் பலகையையே கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம். ஏ4 தாளை இதில் வைத்தால் வெளியே தொங்குகிறது.

குவில்லிங் தாள் பரவாயில்லை, நிறம் போகவில்லை. ஊசிதான் மோசம். அதன் பிளவு அகலமாக இருப்பதால் சுருளின் நடுவில் ஒரு கொக்கி விழுந்துவிடுகிறது. கோணி ஊசியின் முனையில் தாளை ஈரவிரலால் சுற்றத் தொடங்கினால் நடு வட்டமாக வரும். சுருளைத் தளர விட்டு ஒரு முனையைக் கிள்ளினால் சொட்டு வடிவம், அந்த முனையைக் கொஞ்சம் வளைத்தால் மாங்காய். கிருஷ்ணகிரியில் கார்டு செய்கிறவளுக்கு மாங்காய் வராவிட்டால் எப்படி! பஞ்ச் இரண்டும் மெல்லிய தாளைத்தான் வெட்டுகின்றன, தங்கள் பெட்டியில் வந்த அட்டையையே வெட்டத் திணறுகின்றன. அலுமினியத் தாளை நாலாக மடித்து அதில் பலமுறை குத்தினால் முனை கொஞ்சம் கூர்மையாகும். டேப்புகள் நன்றாக ஒட்டுகின்றன.

எம்போசிங் பவுடர் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட்டில் இருப்பதிலேயே அழகான பொருள் அதுதான், ஏமாற்றமும் அதுதான். முத்திரை குத்திய மை ஈரமாக இருக்கும்போதே இந்தத் தூளைத் தூவி, உபரியைத் தட்டிவிட்டு, சூடு காட்டினால் தூள் உருகி எழுத்து மேடாக எழும்பும். தூள் கொடுத்தவர்கள் சூடு காட்டும் ஹீட் கன் கொடுக்கவில்லை, தனியாக வாங்க வேண்டும் என்றுகூட எங்கும் அச்சடிக்கவில்லை. ஹேர் டிரையர் இதற்கு ஆகாது, சூடு போதாது, காற்று தூளை ஊதித் தள்ளிவிடும். கொடுத்த மையும் சீக்கிரம் காய்கிற ரகம், தூள் ஒட்டுவதற்குள் உலர்ந்துவிடுகிறது. நாங்கள் செய்தது: மெடிக்கலில் கிளிசரின் வாங்கி, ஒரு துண்டு ஸ்பாஞ்சில் இரண்டு சொட்டு விட்டுப் பரப்பி, அதில் முத்திரையைத் தொட்டுக் குத்தினோம். தூள் நன்றாகப் பிடித்தது. சூட்டுக்குத் தோசைக்கல். கல்லை நன்றாகக் காயவிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். கார்டின் ஓரத்தை இடுக்கியால் பிடித்து, தூள் மேலே பார்க்கும்படி, கல்லுக்கு ஒரு விரல் உயரத்தில் காட்ட வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஒரு எழுத்தின் ஓரம் மினுங்கும். சொரசொரவென்று கிடந்த தங்கத் தூள் அங்கிருந்து இளகி, அடுத்த எழுத்துக்கு ஓடி, கடைசிச் சுழி வரைக்கும் பளபளவென்று ஆகிவிடும். அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று வைத்திருந்தால் அட்டை பழுப்பேறும், எழுத்தும் மொத்தையாகிவிடும். தோசை ஊற்றும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள், பழைய கல் ஒன்றை ஒதுக்கிவையுங்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

முத்திரைகளில் இருக்கும் வாசகங்கள் ஹேப்பி பர்த்டே, தேங்க் யூ, வித் லவ். தமிழில் ஒன்றுகூட இல்லை. பெங்களூர்த் தோழிக்கு அனுப்ப அது போதும். பொங்கலுக்கு என்ன குத்துவது? இதற்கும் ஊரிலேயே வழி இருக்கிறது. தாலுகா ஆபீஸ், கோர்ட் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். ஹெட்மாஸ்டர், செயலாளர், பொருளாளர் என்று செய்துகொடுக்கும் அதே கைதான் பொங்கல் வாழ்த்தையும் செய்து தரும். எழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். மெல்லிய கோடுள்ள எழுத்துருவைத் தவிர்த்துவிடுங்கள், சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். நான் கையால் எழுதி ஸ்கேன் செய்து கொடுத்தேன். ஒருமுறை செய்தால் வருஷக் கணக்கில் உழைக்கும்.

அட்டை எங்கே வாங்குவது? ஸ்டேஷனரி மொத்தக் கடைகளில் 22க்கு 28 அங்குலப் பெரிய தாளாக ஐவரி அட்டை கேளுங்கள், 250 ஜிஎஸ்எம் என்று சொல்லியே கேளுங்கள். நார் பெரும்பாலும் 28 அங்குலப் பக்கமாக ஓடும், ஈரக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 22 பக்கத்தை இரண்டாகவும் 28 பக்கத்தை நாலாகவும் வெட்டினால் 11க்கு 7 அங்குலத்தில் 8 துண்டுகள். ஒரு இழை வீணாகாது. 11ஐப் பாதியாக மடித்தால் மடிப்பு நாரோடு விழும், கையில் 5.5க்கு 7 அங்குலக் கார்டு. வெட்ட புது பிளேடு, இரும்பு ஸ்கேல், அடியில் பழைய காலண்டர் அட்டை. பத்திரிகை அடிக்கும் கடைகளில் கேட்டால் வெட்டி மிச்சமான கலர்த் துண்டுகளும் கிடைக்கும். எங்கள் கடையில் கேட்கிறவர்களுக்கு நான் ஒரு கட்டு எடுத்துவைப்பேன், முதலாளிக்கும் தெரியும்.

பொங்கல் கார்டு என்றால் பானையும் கரும்பும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் மார்கழி பாதியிலேயே கடைவீதியில் கயிறு கட்டி, நடிகர் படம் போட்டவை, சாமி படம் போட்டவை, மாட்டு வண்டி போட்டவை என்று தொங்கும். இப்போது எல்லாம் போனில் வந்து விழுகிறது, அழித்துவிடுகிறோம். இவள் வேறு மாதிரி செய்கிறாள். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களைத் தீட்டிய பழைய ஓவியம் இருக்கிறது. படத்தைப் பார்த்து அந்தக் கோட்டு உருவங்களைப் பழுப்பு கிராஃப்ட் அட்டையில் வெள்ளை ஜெல் பேனாவால் வரைகிறாள். அட்டையின் நிறம் பாறைக்கு ஒத்துப்போகிறது. பேனா முதல் கோட்டில் மங்கலாகத்தான் விழும், காய்ந்தபின் அதன் மேலேயே இன்னொரு முறை ஓட்ட வேண்டும். அடுத்தது எருது விடும் விழாவில் ஓடும், கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய காளை. திமில் மட்டும் குவில்லிங் சுருளால். கிட்டோடு வந்த டிசைன் புத்தகத்தில் பனிமனிதன் இருந்தான், அவனை நாங்கள் தொடவே இல்லை.

கவர்களைப் பற்றி ஒரு குறை. கிட்டின் கவரில் கார்டு மட்டும்தான் நுழையும். ஃபோம் டேப்பில் ஒரு பூ ஒட்டினாலே கவர் வாயில் மாட்டிக்கொள்கிறது. இப்படிப்பட்ட கார்டுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் கூடுதலாக உள்ள கவர் வேண்டும். கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் தனியாகவும் விற்கிறார்கள், கார்டைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் தபால். சாதாரணத் தபாலில் 20 கிராம் வரைக்கும் ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் கூடுதல். மேலே சொன்ன 11க்கு 7 துண்டு 250 ஜிஎஸ்எம்மில் 12 கிராமுக்குச் சற்று மேலே வரும், கவர் ஐந்தாறு கிராம். அலங்காரத்துக்கு மிச்சம் ஒன்றிரண்டு கிராம்தான். மணியும் கண்ணாடியும் ஒட்டினால் கண்டிப்பாகத் தாண்டும். கூடுதலாக ஸ்டாம்ப் ஒட்டிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் வாங்குகிறவரிடம் காசு கேட்பார்கள். குவில்லிங் வேலையைக் கார்டின் இடது கீழ்ப் பகுதியில் வையுங்கள். ஸ்டாம்ப் வலது மேல் மூலையில்தான் ஒட்டுவோம், தபால் முத்திரை விழுகிற இடமும் அதுதான், அந்த அடியில் சுருள் சப்பையாகிவிடும். கவருக்குள் கார்டின் முகம் முன்பக்கம் பார்க்க இருக்கிறதா என்பதையும் மூடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடாமல் கவுண்டரிலேயே கொடுத்தால் எடையும் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.