நத்தம் மனையா, அங்கீகார மனையா?

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீடு கட்ட நினைப்பவருக்குத் தரகர்கள் சாலையோர நஞ்சையையும் காட்டுவார்கள். அதை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டியதில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. வாரிசுரிமையில் வந்த நஞ்சையை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதில் வீடு கட்ட நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். (2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் வீடே கட்டவிடாது என்ற பேச்சு தவறு, அது தடுப்பது எரிவாயுத் துரப்பணம், உருக்காலை போன்றவற்றை.)

எஞ்சுபவை இரண்டு: நத்தம் மனை, அங்கீகார மனை. ஊருக்குள் இருக்கும் நத்தம் குடியிருப்புக்கென்றே வகைப்படுத்தப்பட்டது. தெருவும் மின்சாரமும் ஏற்கெனவே இருக்கும், பழைய குடியிருப்பு என்பதால் பெரும்பாலும் மேட்டில் அமைந்திருக்கும். சிக்கலெல்லாம் காகிதத்தில்தான். பாகப்பிரிவினை வாய்மொழியாகவே முடிந்துபோன குடும்பங்களில் பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எத்தனை பேர், அத்தனை பேரும் கையெழுத்திடுவார்களா என்பதே கேள்வி. அதைவிடப் பெரிய கண்ணி அடிமனை. டெல்டா ஊர்கள் பலவற்றில் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான மண்ணில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் உண்டு. விற்பவரிடம் வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கும், மண் மட்டும் அவருடையதாக இருக்காது. மண் யாருடையது என்று காட்டும் கிராம நிலக் கணக்குகளான அடங்கலையும் 'அ' பதிவேட்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார மனையில் பத்திரம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், வங்கிக் கடனும் எளிது. 'பின்னால் வரன்முறை செய்துகொள்ளலாம்' என்று விற்கப்படும் அங்கீகாரமில்லா மனையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள் 20-10-2016 வரை உருவான மனைகளுக்கானவை. ஆனால் அங்கீகாரம் மனையை மேடாக்கிவிடாது. பல மனைப்பிரிவுகள் நேற்றுவரை நாற்று நட்ட வயல்கள். புலப்படத்தின் (நில அளவை வரைபடத்தின்) நகலை எடுத்துக்கொண்டு நேரில் போனால், படத்தில் வடிகால் வாய்க்காலாக ஓடும் கோடு தரையில் கப்பிச் சாலையாகக் கிடப்பதைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் அந்த வழியைத்தான் தேடி வரும்.

பங்காளிகள் குறைவாகவும் ஒற்றுமையாகவும் இருந்து, மண் கோயிலுடையது அல்ல என்பது உறுதியானால், நத்தமே மேல் என்பேன். விடுப்பில் சில வாரங்கள் மட்டுமே வந்து போகிறவரால் ஐந்து வீடு ஏறிக் கையெழுத்து வாங்க முடியாது. அவருக்கு அங்கீகார மனைதான் சரி, மண்ணடிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். எதுவானாலும், வெளிநாட்டில் எழுதும் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்டு அனுப்பி, அது இந்தியா வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.