ஓபிடி போர்ட்டில் செருகும் ஹெட்-அப் டிஸ்ப்ளே: வாங்கலாமா?

மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் தாண்டிவிடும். அந்த நொடியில் பார்வை வேக மீட்டருக்குப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான், வேகத்தை முன்கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே. ஓபிடி போர்ட்டில், அதாவது காரின் கணினித் தகவலை எடுக்கும் சாக்கெட்டில், செருகி டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டிகள் அந்த வேலையைப் பாதிதான் செய்கின்றன.

காரோடு சேர்ந்தே வரும் டிஸ்ப்ளேயில் ஒரு குழியாடி இருக்கும். பிம்பம் இரண்டு மீட்டர் தள்ளி, பானெட்டின் மேல் மிதப்பதுபோல் தெரியும். சாலையைப் பார்க்கும் கண் அதிகம் சிரமப்படாமல் எண்ணைப் படித்துவிடும். இந்தப் பெட்டியில் குழியாடி கிடையாது. எழுத்து நேராகக் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது, அதனால் பெட்டி கண்ணாடிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் பிம்பம் அப்பால் போகும். தலை குனிய வேண்டாம், அது உண்மையான லாபம். ஆனால் கண் ஃபோகஸ் மாற்றியே ஆக வேண்டும். வெள்ளெழுத்து உள்ளவர்கள் வாங்கும் முன் காரில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எண் இரட்டையாகத் தெரிந்தால் பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள். விண்ட்ஷீல்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஆளுக்கொரு பிம்பம் தருகின்றன. கூடவே வரும் ஃபிலிமை ஒட்டினால் சரியாகும். இருட்டியதும் பெட்டியை ஆன் செய்து, வழக்கமாக உட்காரும் நிலையில் எண் விழும் இடத்தைக் குறியுங்கள். கண்ணாடியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை நகர்த்திப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வழித்துவிடுங்கள். ஈரமில்லாமல் ஒட்டினால் காற்றுக்குமிழி நிற்கும், பிம்பம் நெளியும்.

கார் மீட்டரைவிட இதில் வேகம் சற்றுக் குறைவாகத் தெரிவது சகஜம். நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்று மீட்டரைக் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். டயர் அளவு மாற்றியிருந்தால் போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு மெனுவில் திருத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும்.

அதிகம் வரும் புகார் பேட்டரி. ஓபிடி போர்ட்டின் 16வது பின்னில் வண்டி அணைந்த பிறகும் மின்சாரம் இருக்கும், பெட்டி அணையாவிட்டால் பேட்டரி தீரும். இன்ஜின் நின்றதும் வோல்ட் இறங்குவதை வைத்துத்தான் பல பெட்டிகள் அணைகின்றன. தேவைக்கேற்ப சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில் ஓடும்போதே வோல்ட் இறங்குவதால் பெட்டி நடுவழியில் அணையும். அணையும் வோல்ட்டை மாற்ற வழியில்லாத மாடலை வாங்க வேண்டாம். மின்சார கார்களுக்கு, செயற்கைக்கோள் சிக்னலை வைத்து வேகம் காட்டும் ஜிபிஎஸ் வகையே பொருத்தம், சுரங்கப்பாதையில் மட்டும் வேகம் காட்டாது.

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுக்கும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு ஓட்டுபவர்களுக்கு, ஓபிடி, ஜிபிஎஸ் இரண்டு வகையிலும் எண் மங்கிப்போகும். அவர்கள் சாதாரண கிளாஸுக்கு மாறினால்தான் இதனால் பயன்.