கவசம் செய்ய ஈவா ஷீட்: கோவைக் கடைச் சரக்கு தேறுமா?

மாயாஜாலக் கதையோ விண்வெளிக் கதையோ, குறும்படம் எடுக்கும் குழுக்கள் மார்புக் கவசம், தோள்பட்டை, தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் இப்போது கையில் எடுப்பது ஈவா (EVA) என்கிற ஃபோம் ஷீட்தான். செருப்பு சோலுக்கும், உடற்பயிற்சிப் பாய்க்கும், பெட்டிகளுக்குள் மெத்தையாக வைக்கவும் விற்கிற அதே சரக்கு. கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் கிடைக்கிறது. தாராளமாக வாங்கலாம் என்பதுதான் இந்த மதிப்புரையின் தீர்ப்பு. ஆனால் ஷீட் தருவது வடிவத்தை மட்டும். திரையில் தெரிகிற அந்த வேறு உலகம் பூச்சிலும் அழுக்கிலும்தான் பிறக்கிறது. நல்ல ஷீட் வாங்கியும் கவசம் பொம்மைக்கடைச் சாமான் போலத் தெரிகிறது என்றால், தவறு நடந்தது அந்த இரண்டில் ஒன்றில்.

முதலில் கடை. "கவசம் செய்ய ஃபோம் வேணும்" என்று கேட்டால் வெள்ளை பேக்கிங் ஃபோமையோ மெத்தை ஸ்பாஞ்சையோ எடுத்துப் போடுவார்கள். இரண்டும் உதவாது. "சோலுக்குப் போடற ஈவா ஷீட்டுங்க, பத்து எம்.எம்., கெட்டிச் சரக்கு" என்று கேளுங்கள். "கெட்டிங்களா, சாதாவுங்களா?" என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரர் சரக்குத் தெரிந்தவர், அங்கேயே நின்று வாங்கலாம். வாங்கும் முன் விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டி ஈவாவில் தடம் சில நொடிகளில் மேலே வந்துவிடும், சாதாவில் பள்ளம் அப்படியே நிற்கும். ஓரத்தை வெட்டிப் பார்த்தால் ஈவாவின் துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும். குமிழி குமிழியாகத் தெரிந்து, அழுத்தினால் நறநறவென்றால் அது பேக்கிங் ஃபோம். அதில் பசையும் பிடிக்காது, பெயின்டும் நிற்காது.

தடிமன் மூன்று இருந்தால் போதும். மார்பு, முதுகு, தோளுக்கு 10 மி.மீ.; கைக்காப்பு, தொடைக்காப்பு, பட்டைகளுக்கு 5 மி.மீ.; மேலே ஒட்டுகிற பூ வேலை, விளிம்பு, எழுத்துக்கு 2 மி.மீ. இந்த இரண்டு மி.மீ. சரக்கை ஸ்டேஷனரி கடையிலேயே ஏ4 அளவில் வாங்கிவிடலாம். குழந்தைகள் விளையாடப் போடும் புதிர்ப் பாயும் ஈவாதான். ஆனால் ஒரு பக்கம் வரிவரியாக அச்சு இருக்கும், அதை உள்பக்கம் திருப்ப வேண்டும், கட்டங்களின் பல்விளிம்பில் நிறைய வீணாகும். பின்வரிசைப் படைவீரர்களுக்கு அது போதும்.

அளவெடுக்கும்போதுதான் முதல் நட்டம். உடம்பில் பாலித்தீன் தாளைச் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு போட்டு வெட்டி எடுத்தால் நல்ல பேட்டர்ன் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே 10 மி.மீ. ஷீட்டில் வரைந்தால் கவசம் மூடாது. வளைக்கும்போது ஷீட்டின் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும், நடுக்கோடு மட்டும்தான் நீளம் மாறாமல் நிற்கும். அந்த நடுக்கோடு உடம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆகவே முழுச் சுற்றுக்கு 2 × 3.14 × 5, அதாவது ஏறத்தாழ 31 மி.மீ. கூட்ட வேண்டும். 5 மி.மீ. ஷீட்டுக்கு 16 மி.மீ. போதும். உள்ளே சட்டை போடுவதாக இருந்தால் சட்டையின் மேலேயே அளவெடுங்கள்.

வெட்டுவதற்கு உடைக்கிற பிளேடு கட்டர் போதும், ஆனால் கூர் முக்கியம். ஈவா பிளேடை வேகமாக மழுக்கும். விளிம்பு பிய்ந்து பிசிறடித்தால் கையைக் குறை சொல்ல வேண்டாம், முனையை உடைத்துப் புது முனைக்கு மாறுங்கள். ஒரே அழுத்தில் அறுக்காமல் இரண்டு மூன்று நீள இழுப்பில் வெட்டுங்கள். மூலை வரும் இடத்தில் இரண்டு துண்டுகளையும் 45 பாகையில் சாய்த்து வெட்டினால் மடிப்பு உலோகத் தகடு போலக் கூராக நிற்கும்.

பசைக்குத் தச்சர்கள் சன்மைக்கா ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசையை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு முகத்திலும் மெல்லிசாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு அழுத்தினால் பிரிக்கவே முடியாது. டப்பாவில் பத்துப் பதினைந்து நிமிடம் என்று போட்டிருக்கும். கொங்கு நாட்டில் அந்தக் கணக்கு மாறும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று அடிக்கும்போது பசை சீக்கிரம் காய்ந்துவிடும், அதோடு புழுதியும் வந்து ஒட்டும். புழுதி படிந்த முகத்தில் எவ்வளவு அழுத்தினாலும் மறுநாள் பிரியும். மழைநாளில் இன்னொரு வம்பு: பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். பளபளப்பு மங்கி வெளிறித் தெரிந்தால் ஒட்டாதீர்கள், ஈரம் போக விட்டு இன்னொரு கோட் பூசுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பசை காயும் இடத்தில் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) எடுக்கவே கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். ஒட்டும்போது நீள விளிம்புகளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்தினால் கோணல் வராது. குச்சிப் பசைத் துப்பாக்கியை மறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகி, ஷாட்டுக்கு நடுவில் தோள் கழன்று விழும்.

வளைப்புக்கு ஹீட் கன். துண்டின் மேல் காற்றை நகர்த்திக்கொண்டே இருந்தால், ஒரு நேரத்தில் சொரசொரப்பு அடங்கி லேசான மினுமினுப்பு ஓடும். அதுதான் பதம். தோள்பட்டை என்றால் உடனே எவர்சில்வர் குடத்தின் தோளில் வைத்து அழுத்தி, ஆறும் வரை அரை நிமிடம் பிடியுங்கள். முழங்கால் மூடிக்குச் சின்னச் சொம்பு. பதம் தாண்டினால் விளிம்பு சுருண்டு குமிழ் கட்டும், அதை மீட்க முடியாது. இந்தச் சூட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: மேற்பரப்பின் துளைகள் மூடிக்கொள்ளும், பூச்சு உள்ளே இறங்காது. வளைவே இல்லாத தட்டைத் துண்டுக்கும் ஒருமுறை சூடு காட்டியே தீர வேண்டும். சூட்டில் வளைந்தது சூட்டில் நிமிரும் என்பதும் நினைவிருக்கட்டும். மே மாதம் கதவடைத்த காரின் பின்சீட்டில் கிடந்த கவசம் மாலையில் வேறு வடிவத்தில் இருக்கும்.

அடுத்தது பூச்சு. இங்கேதான் அதிகம் கெடுகிறது. சூடு காட்டாத ஷீட்டில் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அது உறிஞ்சப்படும், வளைத்தால் வெடிக்கும். மலிவான வழி வெள்ளை ஃபெவிகால். முதல் கோட்டுக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர், பிறகு கொஞ்சம் கெட்டியாக, மொத்தம் மூன்று நான்கு கோட். ஒவ்வொரு கோட்டும் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தடியாகப் பூசினால் உள்ளே ஈரம் சிக்கி, மேலே ஆடை கட்டிச் சுருங்கும். ஃபெவிகாலுக்கு இரண்டு குறை உண்டு. மடங்கும் இடத்தில் விரிசல் விடும். வியர்வையும் மழையும் பட்டால் மறுபடி இளகும். ஆகவே மார்பு, முதுகு போன்ற அசையாத துண்டுகளுக்கு ஃபெவிகால், முழங்கை, இடுப்பு போல மடங்குகிறவற்றுக்கு ரப்பர் கோட்டிங் ஸ்ப்ரே. உள்பக்கம் பழைய பனியன் துணி ஒட்டிவிடுங்கள், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும்.

நிறத்துக்கு நேராக வெள்ளிப் பெயின்ட் எடுக்கிறார்கள். வேண்டாம். அடியில் கறுப்பில் துளி காவி கலந்து மேட் அக்ரிலிக். அது காய்ந்த பின் தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, பனியன் வேஸ்டில் துடைத்து, தூரிகை கிட்டத்தட்ட வெறுமையான பிறகு விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். கை படும் இடம் தேய்ந்து மின்னும், பள்ளம் இருட்டாக நிற்கும். இரும்பு அப்படித்தான் மூப்படையும். பிறகு அடர் காவியைத் தண்ணீராகக் கரைத்து முழுதும் பூசி, இரண்டு நிமிடத்தில் துணியால் ஒற்றி எடுங்கள். ஆணித் தலையின் கீழே மட்டும் ஒரு துரு வழிசல், அதுவும் கீழ்நோக்கி. நாலு பக்கமும் துரு சுற்றியிருந்தால் கண் உடனே பொய்யைப் பிடித்துவிடும்.

இனி மண். கற்பனை உலகம் நம்பும்படி நிற்பது இதில்தான், குழுக்கள் கடைசி நாளில் அள்ளித் தெளித்துவிட்டுப் போவதும் இதைத்தான். கோவை மாவட்டத்துக்குள்ளேயே செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. உங்கள் கதையின் ராஜ்ஜியம் எந்த மண்ணில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஊர்க்காரர் அத்தனை பேரின் கணுக்காலிலும் வேட்டி விளிம்பிலும் அதே மண் இருக்கட்டும். தூரத்திலிருந்து வந்தவனின் காலில் மட்டும் வேறு நிறம் இருந்தால், அவன் அந்நியன் என்று வசனம் எழுத வேண்டியதில்லை. வேலைக்கு மண்ணை அப்படியே பூசக் கூடாது. காற்றில் உதிர்ந்து ஷாட்டுக்கு ஷாட் அளவு மாறும், எடிட்டிங் மேசையில் அது தெரியும். வேட்டித் துணியில் சலித்த மண்ணை மேட் வார்னிஷில் குழைத்து ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள்: காலில் அடர்த்தியாக, முழங்காலுக்கு மேலே போகப் போகக் குறைவாக. குதிரைக்காரனுக்கு உள்தொடையில் தேய்வு, வில்லாளிக்கு இடது முன்கையில் நாண் உரசிய தடம். ஒரு படைக்கு முப்பது கவசம் செய்தாலும் யாருடையது எவ்வளவு பழசு என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு பழசாக இருந்தால் அது வாடகைக் கடை.

இயந்திர உலகம் என்றால் ஷீட்டின் மேல் ஒட்டும் உதிரிகளை வைத்தே பாதி வேலை முடியும். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸின் விண்கல மாதிரிகளில், கடையில் விற்கும் டாங்கி, விமான பிளாஸ்டிக் கிட்களின் துண்டுகளை ஒட்டித்தான் அந்த நுணுக்கமான மேற்பரப்பைக் கொண்டுவந்தார்கள். நமக்கு அதைவிட நல்ல சுரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. சோமனூர் விசைத்தறியின் தேய்ந்த நாடா (ஷட்டில்), நூற்பாலை பாபின், காலிக் கோன், பம்ப்செட் இம்பெல்லர், பழைய சொட்டுநீர் இணைப்பிகள் எல்லாம் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: நம் ஊர்ப் பார்வையாளர் பாபினை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார். நீளத்தை வெட்டுங்கள், தலைகீழாக ஒட்டுங்கள், இரண்டு வேறு பொருளை இணைத்து ஒன்றாக்குங்கள். மேலங்கிக்குப் பவானி ஜமக்காளம் எடுப்பவர்களுக்கும் இதே சொல்: கனமும் துணி விழுகிற விதமும் அருமை, ஆனால் அந்தப் பட்டைக் கோடுகள் கல்யாண மண்டபத்தை நினைவூட்டும். கறுப்புச் சாயத் தொட்டியில் ஒருமுறை முக்கி எடுங்கள்.

தெரிந்த பொருளுக்கு வேறு தோல் போர்த்தும் வித்தை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கூட்டில் 1952-ல் கொண்டுவந்த 'தி ஜங்கிள்' படத்தில் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தித்தான், அழிந்துபோன மாமத யானைகளாக (மாமத்) நடக்க வைத்தார்கள்.

ஷீட்டின் உண்மையான குறை கனம். ஈவாவுக்குக் கனமே இல்லை, அதனால் போட்டவர் இரும்பு சுமப்பவர் போல நடப்பதில்லை. தொங்கும் பட்டைகள் காற்றில் காகிதமாக ஆடும். பட்டைகளின் கீழ்விளிம்பில் ஆளுக்கு 200, 300 கிராம் இரும்பு வாஷரை உள்ளே வைத்து ஒட்டினால் ஆட்டம் மாறும், நடையும் மாறும். உள்ளே சங்கிலிச் சட்டை தேவை என்றால் அதை ஈவாவில் முயல வேண்டாம். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களுக்குச் செய்தது போலப் பி.வி.சி. குழாயை மெல்லிய வளையங்களாக நறுக்கிக் கோத்துவிடலாம். அதற்குச் சொட்டுநீர்க் குழாயை எடுத்தால் பெயின்ட் உரிந்துவிடும், அது பாலிஎத்திலீன். இன்னொரு குறை, ஈவா காற்றை உள்ளே விடாது. கரூர் வெயிலில் முழுக் கவசத்தோடு ஒருவரை மணிக்கணக்கில் நிறுத்துவது ஆபத்து. பக்கவாட்டில் பக்கிள் வைத்து ஒரு நிமிடத்தில் கழற்றும்படி செய்யுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் கழற்றித் தண்ணீர் கொடுங்கள்.

ஒருவருக்கு முழுக் கவசம் என்றால் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் 10 மி.மீ. ஷீட் ஒன்று, 5 மி.மீ. ஒன்று, பசை அரை லிட்டர் தாங்கும். குளோசப்புக்குப் போகும் ஒரே ஒரு ஹீரோ பீஸுக்குக் கெட்டிச் சரக்கு, மற்றவர்களுக்குச் சாதா என்று பிரித்து வாங்கினால் செலவு அடங்கும். நடுவில் ஷீட் தீர்ந்து மறுபடி கடைக்குப் போனால், கையில் பழைய ஷீட்டின் துண்டு ஒன்று இருக்கட்டும். அதே தடிமன், அதே கறுப்பு என்றாலும் லாட் மாறினால் அடர்த்தி மாறும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நகத்தால் அழுத்திப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.