மைடாஸ் சிவிலா, சிஎஸ்ஐபிரிட்ஜா?

கோலாலம்பூரில் பால வடிவமைப்புக்கு வரும் நம் இளம் பொறியாளர்கள் எதை முதலில் கற்பது என்று கேட்கிறார்கள். இரண்டும் பாலங்களைக் கணக்கிடும் மென்பொருள்கள். மைடாஸ் சிவில் கொரியாவில் பிறந்தது. சிஎஸ்ஐபிரிட்ஜ் அமெரிக்காவின் சாப்2000 என்ற கட்டமைப்பு ஆய்வு மென்பொருளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

போஸ்ட்-டென்ஷன் உத்தரத்தில், அதாவது கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே எஃகுக் கேபிளை இழுத்துப் பூட்டும் உத்தரத்தில், உண்மையான தலைவலி காலம்தான். கேபிளை இழுத்துப் பூட்டும்போதே உராய்விலும் நங்கூர வழுக்கலிலும் (பூட்டும் இடத்தில் கேபிள் சற்றே நழுவுவது) விசை குறைகிறது. பிறகு கான்கிரீட்டின் ஊர்வும் (சுமையின் கீழ் மெல்ல மெல்ல உருமாறுவது) சுருக்கமும் ஆண்டுக்கணக்கில் அதைத் தின்கின்றன. பாலத்தைத் துண்டு துண்டாக நீட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் வயது வேறு. இரண்டு மென்பொருள்களும் இதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடும். ஆனால் சமநிலைக் கான்டிலீவர் (தூணிலிருந்து இருபுறமும் சமமாகத் துண்டுகளை நீட்டுவது), தள்ளி நகர்த்தும் முறை (கரையில் கட்டி முன்னே தள்ளுவது) ஆகியவற்றுக்கு, மாதிரியைப் படிப்படியாக அமைத்துத் தரும் தனி வழிகாட்டிக் கருவிகளே மைடாஸில் இருக்கின்றன. 2014இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்தில் இருப்பதுபோன்ற துண்டுப் பெட்டி உத்தரங்கள் (துண்டுகளை இணைத்த, உள்ளே வெற்றிடமான உத்தரங்கள்) என்றால் என் ஓட்டு மைடாஸுக்கே.

சிஎஸ்ஐபிரிட்ஜில் சாலையின் மையக்கோட்டை வரைந்து, அதன்மேல் தளம், தூண், கேபிள் எல்லாவற்றையும் ஏற்றலாம். கோட்டை மாற்றினால் மாதிரி முழுவதும் தானே புதுப்பிக்கப்படும். கிள்ளான் பள்ளத்தாக்கு மேம்பாலங்களில் வளைவு மாறாத வாரம் ஏது?

யூரோகோடு என்ற ஐரோப்பிய வடிவமைப்பு விதித்தொகுப்பு இரண்டிலும் உண்டு. அந்த விதிகளுக்கு மலேசியா வகுத்த தேசிய இணைப்பின் மதிப்புகளை மட்டும் நாமே சரிபார்க்க வேண்டும். இரண்டு தாங்கிகளுக்கு இடையே மட்டும் நிற்கும் சாதாரண ஒற்றைத் தாவு உத்தரத்துக்கு இரண்டுமே ஆடம்பரம். நல்ல விரிதாள் போதும்.