குழல் விளக்கா, சாமிமேடை பல்பா, கும்மிருட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு நடையில் விடிய விடிய ஒரு வெள்ளைக் குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர். ராத்திரி ஜெனரேட்டர் நின்றதும் கவியும் இருட்டை அவர் இன்னும் மறக்கவில்லை. "லைட்ட அணைச்சா மூச்சு முட்டுதும்மா" என்பார். என் வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் ராத்திரி ஷிஃப்ட். அவர் தூங்குவது பகலில். இரண்டு பேருக்கும் எது தோது என்று பார்க்கப் போய்த்தான் பினியல் சுரப்பியின் கதைக்கு வந்தேன்.

மூளைக்குள் இருக்கும், பட்டாணியை விடச் சிறிய இந்தச் சுரப்பி, ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனை இருட்டிய பிறகு சுரக்கிறது. அதற்கு நேராக வெளிச்சம் தெரியாது. விழித்திரையில் மெலனாப்சின் நிறமி கொண்ட சில செல்கள் மூளையின் கடிகாரத்துக்குச் சேதி சொல்லும். அந்தச் சேதி கழுத்து நரம்பு முடிச்சு வரை இறங்கி, மறுபடி மேலேறிப் பினியலைச் சேரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல! அந்தச் செல்களை நீல ஒளிதான் அதிகம் உசுப்பும்.

அந்தக் கணக்கில் குழல் விளக்குதான் மோசம். எங்கள் கடைகளில் 'டேலைட்' என்று விற்கும் 6500 கெல்வின் (ஒளியின் நிற அளவு) வகையில் நீலம் தூக்கல். மனிதரிடம் மெலடோனினை அடக்க 2500 லக்ஸ் அளவுக்குக் கடும் வெளிச்சம் வேண்டும் என்று 1980இல் நினைத்தார்கள். 2011இல் வந்த ஓர் ஆய்விலோ, தூங்கப் போகுமுன் 200 லக்ஸுக்கும் குறைவான அறை வெளிச்சமே, மங்கலான வெளிச்சத்தோடு ஒப்பிட்டால், மெலடோனின் சுரக்கும் நேரத்தில் சுமார் 90 நிமிடத்தைத் தின்றிருந்தது. இடைவிடாத வெளிச்சத்தில் வாரக்கணக்கில் வளர்த்த எலிகளின் பினியல் எடையே குறைந்தது. எலி இரவுப் பிராணி. நமக்கும் அப்படியே சுருங்கும் என்று பயமுறுத்த நான் வரவில்லை.

மஞ்சள் பல்பு கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பளீரென்று எரிந்தால் அதுவும் கெடுக்கும்.

எனக்குப் பிடித்தது சாமிமேடைச் சிவப்பு பல்பு. நீலம் இல்லை, வெளிச்சமும் மங்கல்; கழிவறைக்குப் போகும் வழி தெரிந்தால் போதாதா? சுரப்பிக்குக் கும்மிருட்டுதான் நல்லது, ஆனால் எழுபது வயதுக்காரர் இருட்டில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் மெலடோனின் வந்து தூக்கிவிடாது. குழலைக் கழற்றிவிட்டு, நடையில் கால் மட்டத்தில் ஒரு சிவப்பு பல்பு போட்டோம்.

வீட்டுக்காரர் விஷயம்தான் சிக்கல். தீபகற்ப மலேசியாவில் 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் இங்கே சூரியன் ஏழு மணிவாக்கில்தான் எழும். சரியாக அவர் மோட்டாரில் திரும்பும் நேரம்! முகத்தில் வெயில் பட்டதுமே மூளையின் கடிகாரம் 'பகல்' என்று முத்திரை குத்திவிடும். கண்பட்டி மலிவு, ஆனால் வேர்வையில் நழுவுகிறது. தடித்த திரைச்சீலை அறை முழுவதையும் இருட்டாக்கும், புழுக்கமும் கூடவே வரும். மின்விசிறி இருக்கும்வரை என் ஓட்டு திரைச்சீலைக்கே. ஒன்று மட்டும் இரண்டாலும் ஆகாது: உள்ளே கடிகாரம் பகல் என்று சொல்லும்போது, அறை எவ்வளவு இருண்டாலும் பினியல் மெலடோனினைக் கொட்டாது. அவர் உறங்கலாம், அது ராத்திரித் தூக்கம் ஆகாது.

துணி வாங்கியாயிற்று, தைக்கத்தான் நேரமில்லை. இப்போதைக்கு ஜன்னலில் தொங்குவது அவருடைய பழைய கைலி இரண்டு.