மூன்றாம் வடிவத்தில் சறுக்கும் ஆப்

மாலையில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று பார்க்கத்தான் இந்த இர்ரெகுலர் வெர்ப்ஸ் (இறந்தகாலத்தில் வழக்கமான '-ed' சேராத வினைச்சொற்கள்) ஆப்பைப் போனில் இறக்கினேன். ஒரு வெர்ப் வரும், பக்கத்தில் இரண்டு காலிக் கட்டம். முதல் கட்டத்தில் பாஸ்ட் டென்ஸ், அடுத்ததில் பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது 'ஹேவ்' போன்றவற்றோடு வரும் மூன்றாம் வடிவம், தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அடுக்கியிருக்கும் விதம் ரொம்பப் பிடித்தது. அகரவரிசையில் கொட்டாமல் ஓசைப்படி பிரித்திருக்கிறார்கள். கட், புட், ஹிட் மூன்றும் எந்த வடிவத்திலும் மாறாதவை, அவை ஓர் இடத்தில். பை–பாட், பிரிங்–பிராட், டீச்–டாட் எல்லாம் இன்னொரு இடத்தில். சிங்–சேங்–சங் தெரிந்தவருக்கு டிரிங்க்–டிரேங்க்–டிரங்க் தானாக வாயில் வந்துவிடுகிறது. கம்–கேம்–கம், ரன்–ரேன்–ரன் போல நடுவில் மட்டும் மாறுகிறவற்றுக்கும் தனிப் பாடம் உண்டு. ஒலிப் பொத்தானும் உருப்படியானது. 'ரீட்' என்பதன் மூன்று வடிவத்துக்கும் எழுத்து ஒன்றே. பின்னிரண்டையும் 'ரெட்' என்று படிக்க வேண்டும் என்பது காதால் கேட்டால்தான் பதியும்.

திருத்துவதில்தான் கறார் அதிகம். 'கெட்' என்பதன் மூன்றாம் வடிவத்துக்கு 'காட்டன்' (gotten) என்று தட்டினால் சிவப்புக் கோடு. அமெரிக்காவில் 'ஹேவ் காட்டன்' அன்றாடப் பேச்சாயிற்றே! 'லேர்ன்ட்' (learnt) மட்டும் சரியாம், அதைப் போலவே புழங்கும் 'லேர்ன்டு' (learned) தப்பாம். 'லை', 'லே' இரண்டையும் வேறு வேறு பாடத்தில் போட்டது அதைவிட மோசம். படுத்தலைக் குறிக்கும் 'லை'யின் (lie) பாஸ்ட் டென்ஸே 'லே'தான் (lay); ஒன்றை வைப்பதைக் குறிக்கும் தனி வெர்ப்பும் அதே 'லே'. லை–லே–லெய்ன், லே–லெய்ட்–லெய்ட் என்று அருகருகே வைத்தால்தான் குழப்பம் தீரும்.

பெரிய குறை, தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு முழு வாக்கியம் இல்லை. கோ–வென்ட்–கான் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிற பிள்ளை, பேசும்போது 'ஐ ஹேவ் வென்ட்' என்கிறது. ஹேவ், ஹேட், ஹேஸ் பக்கத்தில் வைத்துப் பழகாத மூன்றாம் வடிவம் எதற்கு? 'டிட் யூ வென்ட்' இன்னும் சகஜம். 'டிட்' வந்த பிறகு இறந்தகாலம் அதிலேயே முடிந்துவிட்டது, வெர்ப் 'கோ'வாகவே நிற்க வேண்டும். அதற்கு ஒரு கேள்விகூட ஆப்பில் இல்லை. ராத்திரியில் 'இன்று பயிற்சி செய்யவில்லையே' என்று நினைவூட்ட மட்டும் தவறுவதில்லை.

பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு வெர்ப்புக்கும் 'ஹேவ்' போட்டு ஒன்று, 'டிட்' போட்டு ஒன்று என்று நோட்டில் வாக்கியம் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.