வீட்டுப் பட்டறையில் அலுமினிய வேலை: ஆறு வருடத்தில் தங்கிய கருவிகள்

கார் ஷெட்டின் பின்பாதிதான் என் பட்டறை. ஆறு வருடமாக ஜன்னல் கொசுவலைச் சட்டம், மாடித் தோட்டத்துக்குத் தொட்டி ஸ்டாண்டு என்று அலுமினியத்தில்தான் அதிகம் செய்கிறேன். கடையில் கிடைக்கும் ஜன்னல் செக்‌ஷன்கள் பெரும்பாலும் 6063 ரகம். இரும்பைவிட மெத்து, அறுப்பது சுலபம். ஆனால் சூடேறினால் கருவியின் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். அப்புறம் கருவி வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும். அதனால் எதை வாங்கினாலும் துகள் வெளியேற வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நான் அதிகம் செலவழித்தது 10 அங்குல மைட்டர் சா என்ற, கோணம் வைத்து அறுக்கும் மின்ரம்பத்துக்கு. அதோடு வந்தது மரத்துக்கான 40 பல் பிளேடு. முதல் மாதம் அதிலேயே அறுத்தேன். ஒருநாள் மெல்லிய சதுரக் குழாயை அது கவ்வி, முறுக்கி, சுவரில் அடித்தது. பிடித்திருந்த கைக்கும் பிளேடுக்கும் நடுவே நான்கு விரற்கடைதான் இருந்தது. அன்றோடு அதைக் கழற்றிவிட்டு, அலுமினியத்துக்கென்றே வரும் 100 பல் கார்பைடு பிளேடு வாங்கினேன். அதில் பற்கள் சற்றுப் பின்சாய்ந்திருக்கும், நெகட்டிவ் ரேக் என்பார்கள். பொருளைக் கவ்வி இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். ஐந்து வருடமாக அதே பிளேடுதான். இரண்டு முறை சாணை பிடித்தாயிற்று, வெட்டிய முகம் இன்னும் பளபளவென்று வருகிறது. அறுக்கும் முன் பிளேடு நிற்கும்போதே பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பேன். செக்‌ஷனைக் கையால் பிடிப்பதே இல்லை, கிளாம்புதான். அறுத்து முடித்ததும் பிளேடு முழுசாக நின்ற பிறகே மேலே தூக்க வேண்டும். சுற்றும்போது தூக்கினால் வெட்டுத்துண்டு பறக்கும். காது மூடியும் கண்ணாடியும் இல்லாமல் இந்த மெஷின் பக்கம் போகாதீர்கள்.

வளைவாக வெட்ட ஜிக்சா, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் கைமெஷின். பாஷ் டி127டி பிளேடு அலுமினியத் தகட்டுக்கென்றே வருவது, 3 மி.மீ.க்கு மேல் கனமானால் நன்றாக அறுக்கிறது. மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹேக்சா பிளேடே போதும். எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் சிக்கி உடையும்.

அரத்தில்தான் பலரும் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள், அது தவறு. பற்கள் ஒரே திசையில் மட்டும் வரிசையாக இருக்கும் ஒற்றை வெட்டு அரம் ஒன்றை அலுமினியத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். இரும்பு ராவியதை இதற்கு எடுத்தால் இரும்புத்தூள் பதிந்து, பிறகு துருப்புள்ளி தெரியும். ராவுவதற்கு முன் சாக்பீஸ் தேய்த்தால் துகள் அப்புவது பாதியாகக் குறைகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்பு உளி தீட்டும் பெஞ்ச் கிரைண்டரில் அலுமினியத்தை வைக்கவே கூடாது. கல்லின் துளைகள் அடைபட்டுச் சூடேறி, கல் வெடிக்கலாம். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து கிடக்க, மேலே பொறி விழுந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பிசிறு எடுக்கக் கையால் இழுக்கும் டீபர்ரிங் கத்தி போதும். என்னிடம் உள்ளவற்றில் விலை குறைந்ததும் தினமும் கைக்கு வருவதும் அதுதான்.

டிரில் பிட்டுக்குப் பூச்சு வேண்டாம். கறுப்பு நிற டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு போட்ட செட் ஒன்று வாங்கினேன். எஃகுக்கு அருமை, அலுமினியத்தில் நுனி உடனே அப்பிக்கொண்டது. பூச்சில்லாத சாதா ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் இதைவிடச் சுத்தமாகத் துளைக்கின்றன. இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது, அதனால் டபிள்யூடி-40 அடிக்கிறேன்.

மரை போடத்தான் பொறுமை வேண்டும். எம்5, அதாவது 5 மி.மீ. திருகுக்கான மரைக்கு 4.2 மி.மீ. துளை போட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று மரை வெட்டும் கைடேப்பைத் திருப்புவேன். அடிமூடிய துளையில் அப்படித் திருப்பியும் இரண்டு டேப் உள்ளேயே உடைந்தது. போன வருடம் ஸ்பைரல் டேப்புக்கு மாறினேன். துகளைச் சுருளாக மேலே தள்ளிவிடுகிறது. அதற்குப்பின் ஒன்றுகூட உடையவில்லை.